முகம் காணாத வழிகாட்டி

மருத்துவக் கல்வியில் நூலறிவுக்கு இணையான இடம் வழிகாட்டும் ஆசானுக்கும் உண்டு. நோயாளியின் படுக்கையருகே நின்று, எதை உற்றுநோக்க வேண்டும், எதைப் பிழையாகக் கொள்ளக்கூடாது என்று கற்பிப்பவர் இன்றி எவரும் முழு மருத்துவராவதில்லை. ஆனால் தம் மாணவியை ஒருமுறையேனும் நேரில் காணாமல், கடிதங்களின் வழியாகவே அவரை மருத்துவப் பணிக்கு ஆயத்தம் செய்த ஆசிரியை ஒருவரையும் திருச்சபையின் வரலாறு நமக்குக் காட்டுகிறது. அவர் டாக்டர் ஆக்னஸ் மெக்லாரன்.

1837இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தவர் அவர். 1869இல் சோஃபியா ஜெக்ஸ்-பிளேக் தலைமையில் சில பெண்கள் அந்நகரப் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயிலச் சேர்ந்தனர். அவர்களுக்குப் பட்டமளிக்கப் பல்கலைக்கழகம் மறுத்தது. 1873இல் நீதிமன்றமும் அம்மறுப்பை ஏற்றுக்கொண்டது. அப்பெண்களுக்குத் துணைநின்ற மெக்லாரன், தாய்நாட்டில் கதவு அடைபட்டதால் பிரான்சின் மோன்பெலியே நகருக்குச் சென்று பயின்று, 1878இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1898இல், தமது அறுபத்தொன்றாம் வயதில், கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவினார்.

அதன்பின் அவரது உள்ளத்தை ஆட்கொண்டது இந்தியப் பெண்களின் துயரம். வட இந்தியாவில் பர்தா முறைக்குட்பட்டு வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவரிடம் செல்ல இயலாமல், பேறுகாலத்தில் மருத்துவ உதவியின்றி மடிந்துகொண்டிருந்தனர். அவர்களுக்காக, இன்று பாகிஸ்தானில் உள்ள இராவல்பிண்டியில் புனித கத்தரீன் மருத்துவமனை உருவாக மெக்லாரன் காரணமானார். எழுபது வயதைக் கடந்த நிலையில் தாமே அங்குப் பயணமும் செய்தார். அங்கே செவிலியராகப் பணியாற்றத் துறவியர் இருந்தனர். ஆனால் துறவியர் மருத்துவத் தொழில் புரிவதை அன்றைய திருச்சபைச் சட்டம் தடைசெய்திருந்தது. அத்தடையை நீக்குமாறு அவர் உரோமைக்குச் சென்று மன்றாடினார். மறுமொழி எளிதில் கிடைக்கவில்லை. இடைக்காலத்தில், இந்தியாவுக்குச் செல்ல முன்வரும் பொதுநிலை மருத்துவப் பெண்களைத் தேடினார்.

அத்தேடலைக் கேள்வியுற்றுக் கடிதம் எழுதியவர் ஆன்னா டெங்கல். ஆஸ்திரியாவின் திரோல் மலைநாட்டில் 1892இல் பிறந்தவர். பிரான்சின் லியோன் நகரில் ஜெர்மன் மொழி கற்பித்தவர். இம்மடலுக்கு மெக்லாரன் அளித்த மறுமொழியில்தான் நல்ல வழிகாட்டியின் இலக்கணத்தைக் காண்கிறோம். ஆர்வத்தைப் பாராட்டுவதோடு அவர் நின்றுவிடவில்லை. ஆங்கிலேயர் ஆட்சியிலிருந்த இந்தியாவில் பணியாற்றப் பிரித்தானியச் சட்டம் ஏற்கும் பட்டம் தேவை. எனவே அயர்லாந்தின் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிலுதல் நன்று என்று தெளிவாகச் சொன்னார். மூடிய கதவுகளைத் தாமே தட்டியவர் ஆகையால், திறந்த கதவு எங்கே உள்ளது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

1913இல் மெக்லாரன் இறந்தார். ஆசிரியையும் மாணவியும் இவ்வுலகில் சந்திக்கவே இல்லை. வழிகாட்டியை இழந்த இளம்பெண் பின்வாங்கியிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் டெங்கல் கார்க் நகருக்குச் சென்றார். முதல் உலகப்போர் மூண்டபோது அவர் எதிரிநாட்டுக் குடிமகளாயிருந்தார். ஆயினும் படிப்பைக் கைவிடாமல் 1919இல் பட்டம் பெற்று, 1920இல் இராவல்பிண்டியை அடைந்தார். மெக்லாரன் கண்ட அதே மருத்துவமனையில், அதே துயரத்தைத் தம் கண்களால் கண்டார். தனியொரு மருத்துவர் வந்து போவதால் இக்குறை தீராது, நிலையான துறவுக் குடும்பம் ஒன்றே இதைத் தாங்கும் என உணர்ந்தார். 1925இல் வாஷிங்டன் நகரில், தம்மையும் சேர்த்து நால்வரோடு, மருத்துவ மறைபரப்புச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். பொது வார்த்தைப்பாடுகள் இல்லாத அமைப்பாக அது முதலில் இயங்கியது. 1936இல் திருச்சபை துறவியருக்கு மருத்துவப் பணியின் வாயிலைத் திறந்தது. மெக்லாரன் மறைந்து இருபத்துமூன்று ஆண்டுகள் கடந்திருந்தன. நெபோ மலைமீது நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைக் கண்ட மோசேயின் நினைவு நமக்கு எழுகிறது.

மெக்லாரனின் விதை வேறொரு நிலத்திலும் முளைத்தது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகர மருத்துவர் மேரி குளோரி, 1915இல் மெக்லாரனைப் பற்றிய சிறுநூலைப் படித்துத் தம் அழைத்தலை உணர்ந்தார். 1920இல் குண்டூர் வந்து துறவியானார். உரோமையின் சிறப்பு அனுமதியுடன் மருத்துவராகவே தொடர்ந்தார். உள்ளூர்ப் பெண்களைச் செவிலியராகவும் மருத்துவச்சியராகவும் பயிற்றுவித்தார். 1943இல் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினார். இந்தியாவில் கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்பது அவரது கனவு. 1957இல் அவர் பெங்களூரில் இறந்தார். 1963இல் அதே நகரில் புனித யோவான் மருத்துவக் கல்லூரி தொடங்கியது.

இவ்வரலாறு நம்மிடம் ஒரு கேள்வியை எழுப்புகிறது. இன்று நம் குடும்பங்களிலிருந்து பல இளைஞர் மருத்துவம் பயிலச் செல்கின்றனர். நம்மிடையே அனுபவம் முதிர்ந்த மருத்துவர்களும் பேராசிரியர்களும் இருக்கின்றனர். இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் அறிந்திருக்கிறார்களா? மாணவரைத் தம் நிழலாக ஆக்கிக்கொள்ள விரும்பும் ஆசான், தம் காலத்தோடு தம் பணியையும் முடித்துக்கொள்கிறார். மெக்லாரன் தம்மால் எட்ட இயலாத இடத்துக்கு மாணவியை அனுப்பினார். அதற்கு அவர் செய்தவை எளியவை: வந்த கடிதத்துக்கு மறுமொழி எழுதினார், உண்மையான தேவை எதுவென்று சொன்னார், சரியான கல்லூரியைச் சுட்டினார், அதிகாரத்தில் உள்ளோரிடம் மன்றாடினார்.

இவற்றுள் ஒன்றேனும் நம்மால் இயலாததன்று. நம் பங்கில் மருத்துவம் பயிலும் ஓர் ஏழை மாணவியின் பெயரை அறிந்து, அவருக்கு ஒரு கடிதம் எழுதுவதிலிருந்து நாம் தொடங்கலாம். அதன் பயனை நம் கண்கள் காணாமற்போகலாம். இறைவனின் கணக்கில் அது விடுபடுவதில்லை.