புஷ்

டத்தோ கிராமாட் சாலையில் 1985இல் வந்த முதல் தலைமுறை புரோட்டோன் சாகா ஒன்று பள்ளத்தில் இறங்கி ‘டொக்’கென்றால், பட்டறையில் கேட்கும் முதல் பேச்சு ‘புஷ் போச்சு’. ஆங்கிலம் டச்சிலிருந்து எடுத்த சொல். பெட்டியைக் குறிக்கும் கிரேக்கப் ‘பிக்ஸிஸ்’ அதன் வேர். வண்டிச் சக்கரக் குடத்துக்குள் அச்சு உரசாமல் காத்த உலோக உறைதான் பழைய புஷ். காரின் லோவர் ஆர்மிலோ, இரும்புக் குழல்களுக்கிடையே ஒட்டிய ரப்பர். வயதானால் வெடிக்கும், ஸ்டீயரிங் ஒருபக்கம் இழுக்கும்.

புதிது மாட்டியதும், கார் ஜாக்கில் தொங்கும்போதே போல்ட்டை இறுக்கிவிடுகிறார்கள். பெரும் தவறு. சக்கரம் தரையில் ஊன்றி எடை ஏறிய பிறகே முழுதாக இறுக்க வேண்டும். இல்லையேல் ரப்பர் முறுக்கியபடியே நின்று சீக்கிரம் கிழியும். அலைன்மென்ட் பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.