களவும் கடல் கடத்தலும்

1788 முதல் 1868 வரை பிரித்தானியா 160,000க்கும் மேற்பட்ட கைதிகளை அவுஸ்திரேலியாவுக்குக் கடல் கடத்திற்று. பெரும்பாலோர் களவுக்காகத் தண்டிக்கப்பட்டோர். அவருள் இளைஞர் பலர். தண்டனை கொடிதேயாயினும், அதற்கு முன் விசாரணை இருந்தது. பலருக்கு ஏழாண்டு, பதினான்காண்டு என எல்லையும் இருந்தது. அதே காலத்தில் தெல்தெனியப் பகுதியிற் பிடிபட்டு நாடுகடத்தப்பட்ட ஒருவருக்கு இவ்விரண்டும் வாய்க்கவில்லை. அவரே கண்ணுசாமி என்னும் இயற்பெயருடைய ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன்.

1798இல் இளம்பருவத்திலேயே கண்டி அரியணை ஏறிய அவர், 1815 பெப்ரவரி 18ஆம் நாள் மெதமகாநுவரைக்கு அருகே எக்னெலிகொடையின் ஆட்களிடம் சிக்கினார். அவர்கள் மன்னரைக் கட்டினர். தேவியரின் அணிகலன்களைப் பறித்தனர். ஆயின் 1816இல் வேலூருக்குக் கப்பலேறியவர் கொள்ளையிடப்பட்டவரே.

மன்னர் குற்றமற்றவர் என்பதன்று. 1814இல் எகலப்பொலையின் மனைவி மக்களைக் கொல்வித்தவர் அவர். எனினும், அக்கொடுமை எம்மன்றிலும் விசாரிக்கப்படவில்லை. ஆக்கிரமிப்புக்கு நியாயமாக மட்டுமே அது பயன்பட்டது. 1815 மார்ச் 2ஆம் நாள் எழுந்த கண்டி ஒப்பந்தமோ அவருடைய ஆண் உறவினர் அனைவரையும் பகைவரெனக் கூறி, அனுமதியின்றி நாடு புகுவதைத் தடுத்தது. இங்கு தண்டிக்கப்பட்டது செயலன்று, பிறப்பு.

1832இல் மன்னர் வேலூரிலேயே மறைந்தார். இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லப்பட்ட அவரது அரியணை 1934இல் இலங்கைக்கு மீண்டது. பொருளைத் திருப்பியளிக்க முடிந்த பேரரசுக்கு, மனிதனிடமிருந்து பறித்த நீதியைத் திருப்பியளிக்க இயலவில்லை. களவு என்னும் சொல்லின் முழுப்பொருளை ஆராயும் வரலாற்று மாணவர் இதனையும் கருத்திற் கொள்ளல் வேண்டும்.