பயிற்சியாளரின் பழைய வெற்றிகள்

கூடைப்பந்து ஆட்டத்தைக் கண்டுபிடித்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். 1891ஆம் ஆண்டின் குளிர்காலத்தில், அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், மாணவர்கள் உள்ளரங்கில் ஆடுவதற்காக இரண்டு பழக்கூடைகளை உயரத்தில் மாட்டி இந்த ஆட்டத்தை அவர் உருவாக்கினார். பின்னர் கான்சாஸ் பல்கலைக்கழக அணிக்கு முதல் பயிற்சியாளரானார். அங்கே அவர் கண்டது 55 வெற்றிகள், 60 தோல்விகள். அப்பல்கலைக்கழகப் பயிற்சியாளர்களுள் வெற்றியைவிடத் தோல்வி மிகுந்தவர் அவர் ஒருவரே! ஆட்டத்தைப் படைத்தவருக்கே இந்தக் கதி என்றால், பயிற்சியாளரின் திறமையை எதைக் கொண்டு அளப்பது?

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து இந்த வினாவுக்கு ஏற்றதொரு களம். ஆட்டக்காரர் நான்கு ஆண்டுகளில் பட்டம் பெற்றுப் போய்விடுவார். பயிற்சியாளர் சிலரோ முப்பது, நாற்பது ஆண்டுகள்கூட அதே இடத்தில் இருப்பதுண்டு. ஆட்கள் மாறிக்கொண்டே இருக்க, ஒருவர் மட்டும் நிலைத்திருக்கிறார். அப்படியானால் அவருடைய பழைய வெற்றிகளைப் பார்த்து இவ்வாண்டு முடிவை முன்கூட்டியே சொல்லிவிடலாமா?

ஜான் வுடன் என்பவரை எடுத்துக்கொள்வோம். 1948இல் லாஸ் ஏஞ்சல்ஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். 1959-60 பருவத்தில் அவரது அணி 14 ஆட்டங்களில் வென்று 12இல் தோற்றது. பன்னிரண்டு ஆண்டுப் பதிவேட்டில் தேசியப் பட்டம் ஒன்றுகூட இல்லை. அதை மட்டும் புரட்டிப் பார்த்த எவரும் அடுத்து வரவிருந்ததை ஊகித்திருக்க முடியாது. 1964 முதல் 1975 வரையிலான பன்னிரண்டு ஆண்டுகளில் அவர் பத்துத் தேசியப் பட்டங்களை வென்றார்!

இங்கே சற்று நின்று, இங்கிலாந்துக்குப் போய் வருவோம். 1886இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்ற அறிஞர் 928 பேரின் உயரத்தை அவர்களுடைய பெற்றோரின் உயரத்தோடு ஒப்பிட்டார். பெற்றோரின் உயரம் சராசரியைவிட 3 அங்குலம் மிகுந்திருந்தால், பிள்ளைகளின் உயரம் ஏறத்தாழ 2 அங்குலமே மிகுந்திருந்தது. குட்டையான பெற்றோரின் பிள்ளைகளும் அவ்வாறே சராசரியை நோக்கி நகர்ந்திருந்தனர். இன்று புள்ளியியல் பாடத்தில் நீங்கள் படிக்கும் தொடர்புப் போக்கு இங்கிருந்துதான் பிறந்தது.

ஆட்டத்திற்கும் இது பொருந்தும். ஒரு நாணயத்தை 30 முறை சுண்டுங்கள். சராசரியாக 15 தலை விழவேண்டும். ஆனால் 18 விழுவதும் 12 விழுவதும் வெகு சாதாரணம். கல்லூரி அணி ஒன்று ஒரு பருவத்தில் ஆடுவதும் ஏறக்குறைய 30 ஆட்டங்கள்தாம். ஆகவே ஒரு பருவத்தின் வெற்றிக் கணக்கில் திறமையோடு தற்செயலும் கலந்திருக்கிறது. மிகச் சிறந்த பருவத்தைக் கண்ட பயிற்சியாளர் அடுத்த ஆண்டு சற்றுக் கீழே இறங்கினால், "கிழவருக்குக் கை தளர்ந்துவிட்டது" என்று பேசுவார்கள். கை தளராமலேயே இது நடக்கும்.

பட்டங்களை எண்ணுவது இன்னும் ஆபத்தானது. ஓர் ஆட்டத்தில் வெல்லும் வாய்ப்பு 80 சதவீதம் உள்ள வலிமையான அணி என்று வைத்துக்கொள்வோம். 64 அணிகள் மோதும் போட்டியில் பட்டம் பெற ஆறு ஆட்டங்களைத் தொடர்ந்து வெல்லவேண்டும். 0.8ஐ ஆறு முறை பெருக்கினால் 0.26 வரும், நான்கில் ஒரு வாய்ப்புத்தான். 1985இல்தான் போட்டி 64 அணிகளாக விரிந்தது. வுடன் தம் முதல் ஒன்பது பட்டங்களுக்கும் நான்கு நான்கு ஆட்டங்களே வெல்லவேண்டியிருந்தது. அதே அணிக்கு அப்போது வாய்ப்பு 41 சதவீதம்! அவர் பெருமை இதனால் குறையாது. ஆயினும் அவர் பட்டங்களையும் இன்றைய பயிற்சியாளரின் பட்டங்களையும் ஒரே தராசில் நிறுத்துவது முறையன்று.

அப்படியானால் நீண்ட பதிவேட்டை நம்பலாமே என்பீர்கள். ஆண்டுகள் கூடக்கூடத் தற்செயல் தேய்ந்து திறமை தெளிவாகும், உண்மைதான். ஆனால் பதிவேடு நீள்கையில் அதன் தொடக்கம் பழையதாகிவிடுகிறது. டென்னி கிரம் 1980இலும் 1986இலும் லூயிவில் அணிக்குப் பட்டம் வாங்கித் தந்தவர். 2000-01இல், அவரது கடைசிப் பருவத்தில், அதே அணி 12 வென்று 19 தோற்றது. சிரக்கியூஸ் அணியின் ஜிம் போஹைம் 45 பருவங்கள் தோல்விக் கணக்கு மிகாமல் நடத்தியவர். 46ஆவது பருவமான 2021-22இல் 16 வெற்றி, 17 தோல்வி.

இன்னொரு சிக்கலும் உண்டு. புகழ்பெற்ற பயிற்சியாளரை நாடித்தான் சிறந்த இளைஞர்கள் வருகிறார்கள். பழைய வெற்றி இன்றைய வெற்றிக்கு உதவுகிறது என்றாலும், உதவுவது அவரது பயிற்சியா, அவரது பெயரா என்று பிரித்துக் காண்பது எளிதன்று. வுடனிடம் லூ அல்சிண்டர் சேர்ந்து ஆடிய மூன்று ஆண்டுகளிலும் பட்டம் கிடைத்தது. அந்த உயர்ந்த மனிதரே பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார் எனப் புகழ்பெற்றவர். வுடனிடம் வந்து சேர்ந்தபோது அந்த அணி ஏற்கெனவே இரண்டு பட்டங்களை வென்றிருந்தது!

டியூக் பல்கலைக்கழகத்தின் மைக் ஷெஷெவ்ஸ்கியின் முதல் மூன்று பருவங்களில் 38 வெற்றி, 47 தோல்வி. 1983இல் அவரை விலக்கவேண்டுமென்ற கூச்சல் எழுந்தது. நிருவாகம் செவிசாய்க்கவில்லை, அவர் ஐந்து தேசியப் பட்டங்களை வென்றார். 2020-21இல், நாற்பது ஆண்டு அனுபவத்திற்குப் பின், அவரது அணிக்குத் தேசியப் போட்டியில் இடமே கிடைக்கவில்லை. மறு ஆண்டே 32 ஆட்டங்களை வென்று, கடைசி நான்கு அணிகளுள் ஒன்றாக வந்து நின்றது. அத்துடன் அவர் ஓய்வு பெற்றார்.