ஜனாஸாவுக்கு முந்திய நாட்கள்

முஸ்லிம்களின் மருத்துவ வரலாற்றைப் பேசப் புகுந்தால் இப்னு ஸீனா, அர்ராஸி, ஸஹ்ராவி என்று பெயர்களை அடுக்கிவிடுகிறோம். நோயாளியின் தலைமாட்டில் இருந்தவர்களைப் பற்றிய பேச்சு அபூர்வம். அதிலும், இனிச் சுகமாகாது என்று தெரிந்துவிட்ட ஒருவரை மௌத்து வரைக்கும் பராமரித்தவர்களைப் பற்றி நாம் எழுதியது மிகக் குறைவு. அவர்களின் வரலாறோ மதீனாவின் பள்ளிவாசலிலேயே தொடங்கிவிடுகிறது.

ஹிஜ்ரி 5இல் (கி.பி. 627) நடந்த அகழ்ப் போரில் ஸஅத் இப்னு முஆத் (ரழி) அவர்களின் கை நரம்பில் அம்பு தைத்தது. அருகில் வைத்துப் பார்த்துக்கொள்வதற்காக நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலிலேயே அவருக்குக் கூடாரம் அமைக்கச் செய்ததாக புஹாரியில் வருகிறது. அஸ்லம் கோத்திரத்துப் பெண்ணான ருஃபைதா (ரழி) அங்கே காயப்பட்டோரைப் பராமரித்து வந்தார் என்கிறது இப்னு இஸ்ஹாக்கின் ஸீரா. நபியவர்கள் காலையிலும் மாலையிலும் அவ்வழியே போகையில் சுகம் விசாரிப்பார்கள். ஆனாலும் காயம் மீண்டும் திறந்து ஸஅத் வபாத்தானார்.

ருஃபைதாவை இஸ்லாத்தின் முதல் தாதி என்று மேடைகளில் புகழ்கிறோம். அவர் பராமரித்தவர்களில் நாம் பெயரறிந்த நோயாளி பிழைக்கவில்லை என்பதை யாரும் சொல்வதில்லை. என் பார்வையில் முக்கியமான செய்தி அதுதான். மரணத்தை நெருங்கிய மனிதரை ஒதுக்குப்புறத்தில் வைக்காமல், சமூகம் ஐவேளையும் கூடும் இடத்திலேயே வைத்தார்கள்.

1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் கட்டத் தொடங்கிய மன்ஸூரி மருத்துவமனை இந்தப் பண்பை வக்ஃபின் பொறுப்பாக்கியது. ஆண்களைக் கவனிக்க ஆண் பணியாளரும் பெண்களைக் கவனிக்கப் பெண் பணியாளரும் இருந்தார்கள். வெக்கை நாட்களுக்கு ஓலை விசிறி, அங்கே இறப்போருக்குக் கபனும் அடக்கமும், வீட்டிலே படுத்திருக்கும் ஏழை நோயாளிக்கு மருந்தும் உணவும் என எல்லாவற்றுக்கும் வக்ஃபிலிருந்தே செலவு செய்யப்பட்டது. ஓலை விசிறி நோயைத் தீர்க்காது. ஆனால் மூச்சுத் திணறுகிறவரின் முகத்தில் காற்றுப் படச் செய்யும்படி நோய்த்தணிப்புப் பராமரிப்பில் தேர்ந்த தாதியர் இன்றும் வீட்டாருக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

எங்கட உம்மம்மாமார் காலத்தில் கொழும்பில் இதற்கு வக்ஃபோ நிறுவனமோ தேவைப்படவில்லை. "இண்டைக்கு ராவைக்கு நான் ஈக்கிறன், நீங்க போய்ப் படுங்கோ மாமி" என்று பக்கத்து வீட்டாரே முறை வைத்து வருவார்கள். பஞ்சில் தண்ணீர் தொட்டு உதட்டை நனைப்பது, படுக்கைப்புண் வராமல் திருப்பிப் படுக்க வைப்பது, யாஸீன் ஓதுவது எல்லாம் பெண்கள் கண்டு பழகிய வேலைகள். இன்று ஹெவ்லொக் டவுனில் மாடிவீடுகள் பெருகிவிட்டன. பிள்ளைகள் டோஹாவிலும் மெல்பர்னிலும். நோயாளியோடு மிஞ்சுவது ஒரு மகள் மட்டுமே. "மூத்தம்மாவைப் பாக்க உம்மாவுக்கு ஆளில்ல டீச்சர்" என்று பத்தாம் வகுப்புப் பிள்ளை லீவு கேட்கிறாள்.

ஜனாஸா என்றால் நம் ஜமாஅத்துகளுக்கு நிகரில்லை. ஒரு கோல் எடுத்தால் சந்தூக்கு வரும், கபன் வரும், குளிப்பாட்டுவோர் வருவார்கள்; அஸருக்கு முன் ஜாவத்தை மையவாடியில் அடக்கம் முடிந்துவிடும். கொவிட்டால் இறந்தோரை எரித்தேயாக வேண்டும் என்று 2020 ஏப்ரலில் வர்த்தமானி வந்தபோது, அடக்கும் உரிமைக்காக நாடெங்கும் குரல் கொடுத்தோம். 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கும்வரை ஓயவில்லை. அது நியாயமான போராட்டம். ஆனால் அதே நாட்களில் வார்டில் தனியே கிடந்த வாப்பாவின் கையைப் பிடிக்க முடியாமற்போன பிள்ளைகளின் துயரம் அந்தக் குரலில் அமுங்கிப் போயிற்று. நமது ஒழுங்குகள் எல்லாம் மூச்சு நின்ற பிறகே தொடங்குகின்றன.

தாதியாகத் தொடங்கி மருத்துவரான சிசிலி சோண்டர்ஸ் 1967இல் லண்டனில் சென். கிறிஸ்தோபர் ஹொஸ்பிஸைத் திறந்தார். இறக்கிறவரின் வலியில் உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை நான்கும் உண்டு என்பது அவரது பாடம். 1993இல் கோழிக்கோட்டில் டொக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டொக்டர் சுரேஷ் குமாரும் நோய்த்தணிப்புச் சங்கமொன்றைத் தொடங்கினார்கள். அங்கிருந்து பிறந்த அயலவர் வலையமைப்பு, மாப்பிள்ளை முஸ்லிம்கள் செறிந்த மலப்புறத்தில் ஆழமாக வேரூன்றியது. பயிற்சி பெற்ற அயலவர்கள் தாதியோடு வீடு வீடாகப் போகிறார்கள். செலவில் பெரும்பகுதியைச் சாதாரண மக்களின் சிறு நன்கொடைகள் தாங்கின. 2008இல் கேரள அரசே இதற்கெனக் கொள்கை வகுத்தது.

நம் நாட்டிலும் வழி இல்லாமலில்லை. மஹரகமவில் இலங்கைப் புற்றுநோய்ச் சங்கத்தின் சாந்த செவன இருக்கிறது. சுகாதார அமைச்சு 2019–2023க்கென நோய்த்தணிப்புப் பராமரிப்புக்குத் தேசிய சட்டகமொன்றை வகுத்தது. ஆனால் வீட்டிலே அச்சங்கள் உண்டு. "மோர்பின் குடுத்தா கடைசியில கலிமா சொல்ல ஏலாமப் போயிடும்" என்கிறார்கள். வைத்தியர் சொல்லும் அளவில் கொடுத்தால் பெரும்பாலோர் தெளிவாகவே இருப்பார்கள். தாங்கமுடியாத வலிதான் நாவைக் கட்டிப்போடும். இதைச் சொல்ல ஒரு தாதியும், அவரோடு ஓர் ஆலிமும் வீட்டுக்கு வந்தால் போதும்.

ஒவ்வொரு மஹல்லாவிலும் நாலைந்து பெண்களுக்கும் ஆண்களுக்கும் பயிற்சி கொடுப்பதும், ஒரு தாதிக்குச் சம்பளம் கொடுப்பதும் நமது பள்ளிவாசல்களுக்கு முடியாத காரியமல்ல. பள்ளி அறிவித்தல் பலகையில் ஜனாஸா சேவையின் தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அதற்கு மேலே இன்னொரு இலக்கத்துக்கு இடமிருக்கிறது.