குரலும் வேடமும்

பரங்கிமலையினின்று பூவிருந்தவல்லிக்குச் செல்லும் நெடுஞ்சாலையை ஒட்டிய இராமாவரத்தில் எம். ஜி. இராமச்சந்திரனின் தோட்டம் உள்ளது. 1967-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 12-ஆம் நாள், அவ்வில்லத்தில் எம். ஆர். இராதா அவரைத் துப்பாக்கியாற் சுட்டார். குண்டு கழுத்திற் பாய்ந்தது. உயிர் பிழைத்தது, குரல் பழைய நிலைக்கு மீளவில்லை. அரசியல் வரலாற்றார் இந்நிகழ்ச்சியைப் பலபடப் பேசியுள்ளனர். நடிப்பின் வரலாற்றில் அதற்குள்ள இடமே ஈண்டு ஆராயப்படுகின்றது.

‘பராசக்தி’ (1952) வெளிவந்தபின், நடிகனின் முதற்கருவி நாவே என்னும் எண்ணம் தமிழ்த் திரையில் வேரூன்றியது. அத்தகைய காலத்தில் குரலிழந்த நடிகர் அரங்கினின்று நீங்குதலே எதிர்பார்க்கத்தக்கது. நடந்தது வேறு. அவ்வாண்டே வெளிவந்த ‘காவல்காரன்’ படத்தில் மாறிய குரல் ஒலித்தது, மக்கள் ஏற்றனர். ‘ரிக்‌ஷாக்காரன்’ (1971) படத்திற்காக இந்திய அரசின் சிறந்த நடிகர் விருதும் அவருக்குக் கிடைத்தது. மக்களின் இரக்கமே காரணம் என்பாருமுளர். இரக்கம் ஒரு படத்திற்குப் போதும், பத்தாண்டிற்குப் போதாது.

பெருமிதம் என்னும் மெய்ப்பாடு கல்வி, அஞ்சாமை, புகழ், கொடை என்னும் நான்கின்கண் தோன்றும் என்பது தொல்காப்பியர் கருத்து. எம். ஜி. ஆர். ஏற்ற வேடங்கள் பெரும்பாலும் இப்பெருமிதத்தைச் சுற்றியே அமைந்தன. மீனவனாயினும் மன்னனாயினும் அவையோர் கண்டது அவரையே. வேடம் அவருக்கு ஆடை. ஆடைக்குள் இருப்பவரை அறிந்தவர்க்குக் குரல் ஒரு குறையன்று. ‘ஒளிவிளக்கு’ (1968) இதற்குத் தக்க சான்று. அதில் தலைவன் மது அருந்துகின்றான். உடனே அவனுடைய உருவங்களே பலவாய்த் தோன்றி அவனை இடித்துரைக்கின்றன. கதை கேட்ட குற்றத்தை நடிகரின் புகழ் அப்படியே விட்டுவைக்கவில்லை. தலைவன் இறக்கும் ‘பாசம்’ (1962) போதிய வரவேற்பைப் பெறவில்லை. ‘மதுரை வீரன்’ (1956) படத்திலும் தலைவன் இறக்கின்றானே, அது வென்றதே எனின், அங்கு இறப்பவன் தெய்வமாய் எழுகின்றான், ஆகலின் முரணில்லை.

சிவாஜி கணேசனின் நெறி இதற்கு மறுதலை. அவர் பெயரே ஒரு நாடக வேடத்தால் வந்தது. ‘அந்த நாள்’ (1954) படத்தில் நாட்டைக் காட்டிக்கொடுப்பவனாகவும், ‘நவராத்திரி’ (1964) படத்தில் தொழுநோயாளன் உள்ளிட்ட ஒன்பது வேடங்களிலும் தோன்றினார். இளிவரலையும் அச்சத்தையும் அவர் அஞ்சாது ஏற்றார். ஒவ்வொரு வேடத்திற்கும் ஒரு குரலை ஆக்கிக்கொண்ட அவருக்கு அத்தகைய காயம் நேர்ந்திருப்பின், கலையே முடங்கியிருக்கும் என்று கருதுகின்றேன். எனினும் பன்முக நடிப்பையே உயர்வெனக் கொள்ளும் திறனாய்வாளர் வழக்கு முற்றும் பொருந்துவதன்று. ஒரே உருவைப் பல்லாண்டு குலையாமற் காத்தலும் அரிய பயிற்சியே.

இன்னொன்றும் நோக்கற்பாலது. எம். ஜி. ஆருக்குப் பெரும்பாலும் பாடியவர் டி. எம். சௌந்தரராசன். பேச்சு சிதைந்தபின்னரும் பாட்டு பழைய கணீரென்ற குரலிலேயே ஒலித்தது. ஒரே படத்தில் இருவேறு குரல்களைக் கேட்ட அவையோர் அவற்றை ஒருவருடையனவாகவே கொண்டனர்.

1987-இல் அவர் மறைந்தபின், அவருடைய விருப்ப ஆவணத்தின்படி, இராமாவரத் தோட்டத்தில் வாய்பேசாத, காதுகேளாத பிள்ளைகளுக்கான பள்ளி அமைந்தது.