சர்க்கரை அளவு ஒன்றே, இதய ஆபத்து வேறு: ஹாப்டோகுளோபின் மரபணு சொல்வது என்ன?

நீரிழிவு நோயாளிகள் இருவரின் ரத்த சர்க்கரை அளவு ஏறத்தாழ ஒன்றாக இருந்தாலும், ஒருவருக்கு மாரடைப்பு ஏற்படுவதும் மற்றவரின் தமனிகள் பெரிய பாதிப்பின்றித் தப்புவதும் உண்டு. புகைப்பழக்கம், ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவை இந்த வேறுபாட்டை முழுமையாக விளக்குவதில்லை. எஞ்சிய பகுதிக்கு மரபணுக்களில் விடை தேடப்பட்டு வருகிறது.

இவ்வகையில் அதிகம் ஆராயப்பட்டவற்றுள் ஒன்று ஹாப்டோகுளோபின் மரபணு. சிவப்பணுக்கள் சிதையும்போது ரத்தத்தில் கலக்கும் ஹீமோகுளோபினைப் பற்றி அகற்றுவதே இந்தப் புரதத்தின் பணியாகும். அகற்றப்படாத ஹீமோகுளோபினில் உள்ள இரும்பு, ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டித் தமனிச் சுவரைச் சேதப்படுத்தக் கூடியது.

இம்மரபணுவுக்கு 1, 2 என இரு வடிவங்கள் உள்ளன. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் தலா ஒன்று வருவதால் 1-1, 2-1, 2-2 என மூன்று வகையினர் காணப்படுகின்றனர். இந்த வகைகளை 1955-ஆம் ஆண்டு டொரண்டோவில் ஆலிவர் ஸ்மித்திஸ் கண்டறிந்தார்.

2-2 வகையினரிடம் ஹீமோகுளோபின் மெதுவாகவே அகற்றப்படுகிறது. நீரிழிவு இருக்கும்போது இக்குறைபாடு தீவிரமடைகிறது. 'நல்ல கொழுப்பு' எனப்படும் எச்டிஎல் மீது இரும்பு கலந்த இக்கூட்டுப்பொருள் ஒட்டிக்கொள்வதால், தமனியைக் காக்கும் அதன் திறனும் குறைகிறது.

அமெரிக்கப் பழங்குடியினரிடையே நடைபெற்ற 'ஸ்ட்ராங் ஹார்ட்' ஆய்வின் தரவுகள் 2002-இல் அலசப்பட்டன. நீரிழிவு உள்ளவர்களில் 1-1 வகையினரைவிட 2-2 வகையினருக்கு இதய, ரத்தநாள நோய் ஆபத்து சுமார் 5 மடங்கு அதிகமாக இருந்தது.

அடுத்து இஸ்ரேலில், 55 வயதைக் கடந்த 2-2 வகை நீரிழிவு நோயாளிகள் 1,434 பேரில் ஒரு பிரிவினருக்கு நாள்தோறும் 400 யூனிட் வைட்டமின் இ-யும் மற்றவர்களுக்கு மருந்தற்ற மாத்திரையும் தரப்பட்டன. சுமார் 18 மாதங்களில் மாரடைப்பு, பக்கவாதம், இதயநோய் மரணம் ஆகியவை மருந்தற்ற பிரிவில் 4.7 சதவீதமாகவும், வைட்டமின் பிரிவில் 2.2 சதவீதமாகவும் பதிவாகின. 2008-இல் வெளியான இந்த ஆய்வு, திட்டமிட்ட காலத்துக்கு முன்பே நிறுத்தப்பட்டது. அவ்வாறு நிறுத்தப்படும் ஆய்வுகளில் பலன் மிகையாகத் தெரிய வாய்ப்புண்டு என்பதையும் கருத்தில் கொள்ள வேண்டும்.

மாறாக, மரபணு வகை பாராமல் 9,500-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்டு 2000-இல் வெளியான 'ஹோப்' ஆய்வில், அதே 400 யூனிட் வைட்டமின் இ-யால் இதயத்துக்குப் பலன் கிடைக்கவில்லை. எனவே, மருந்துக் கடைகளில் எளிதில் கிடைக்கும் பச்சை நிற வைட்டமின் இ மாத்திரையை நீரிழிவு நோயாளிகள் தாமாக வாங்கி உட்கொள்வதற்கு இந்த ஆய்வுகள் ஆதாரமாகா.

ஹாப்டோகுளோபின் மட்டுமே காரணம் அன்று. குளுடமைன் உற்பத்தி தொடர்பான 'ஜிஎல்யுஎல்' மரபணுவுக்கு அருகே உள்ள ஒரு மாற்றம், நீரிழிவு உள்ளவர்களிடம் மட்டும் இதயத் தமனி நோய் வாய்ப்பை 36 சதவீதம் உயர்த்துவதாக 2013-இல் தெரியவந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் ஆதரவுடன் நடைபெற்று 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவு உள்ளது. ஹாப்டோகுளோபினின் 2-ஆம் வடிவம் ஐரோப்பியர்களைவிட இந்தியர்களிடம் அதிகம் காணப்படுகிறது. ஆனால் 2002, 2008 ஆய்வுகள் இரண்டுமே இந்தியாவில் நடத்தப்பட்டவை அல்ல. இப்பரிசோதனை வழக்கமான நீரிழிவு சிகிச்சையில் இன்னும் இடம்பெறவில்லை. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்பதும் புகையிலையைத் தவிர்ப்பதுமே மூன்று வகையினருக்கும் தற்போது அளிக்கப்படும் பொதுவான பரிந்துரையாகும்.