காதலை மரபணு தீர்மானிக்கிறதா?

எம்மவர்கள் 1980களில் இருந்து வாழ்ந்துவரும் இத்தாலியின் பலெர்மோ நகரில், பழைய சந்தைகளில் ஒன்று வுச்சீரியா. மீனும் மரக்கறியும் விற்ற அந்த ஒழுங்கைகளில் இன்று இரவானால் இளையோர் கூடுகிறார்கள். அந்நகரில் பிறந்து வளர்ந்த எமது பிள்ளைகள் சிசிலியப் பிள்ளைகளோடு பழகுகிறார்கள், சிலர் காதலிக்கிறார்கள். அப்போது, ‘எங்கட இரத்தம் அவையோட ஒட்டுமோ?’ என்ற கேள்வி வீட்டில் எழுகிறது. ‘தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்’ என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அறிவியல் என்ன சொல்கிறது?

வட அமெரிக்காவில் வாழும் பிரெய்ரி வோல் என்ற சிறு எலியினம் ஒரே துணையோடு நிலைத்து வாழும். அதன் உறவினமான மெடோ வோல் அப்படியல்ல. வாசோபிரெசின் என்ற ஓமோனை மூளை உணர உதவும் மரபணுவை, 2004இல் மெடோ வோல் ஆண்களின் மூளையில் ஆய்வாளர்கள் புகுத்தினர். அவையும் தம் துணையைக் கூடுதலாக நாடத் தொடங்கின.

மனிதரில் இதே மரபணுவைச் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2008இல் முடிவை வெளியிட்டனர். அதன் ஒரு வடிவத்தை இரட்டையாகக் கொண்ட ஆண்களில் 34 வீதமானோர், முந்தைய ஓராண்டில் மணவாழ்வில் நெருக்கடியையோ மணமுறிவு அச்சத்தையோ சந்தித்திருந்தனர். அவ்வடிவம் இல்லாதோரில் இது 15 வீதம். ஆனால் அதை இரட்டையாகக் கொண்டோரிலும் மூன்றில் இருவருக்கு அப்படி எதுவும் நேரவில்லை.

‘அன்பு ஓமோன்’ எனப்படும் ஒக்சிரோசினின் கதையும் இதுதான். அதை உணரும் மரபணு செயலிழக்கச் செய்யப்பட்ட பிரெய்ரி வோல்களும் துணையோடு பிணைந்தே வாழ்ந்ததாக 2023இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆக, மரபணு ஒருவரின் சுபாவத்தைச் சற்றே சாய்க்கலாம். யாரை நேசிப்பது, எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பதை அது எழுதி வைப்பதில்லை. இன்னோர் இனத்தோடு ஒட்டவிடாத மரபணு என்று எதுவும் கண்டறியப்படவும் இல்லை.

திருமணத்தில் மரபணுவைக் கட்டாயம் கவனிக்கவேண்டிய இடம் பிள்ளைப்பேறு. தலசீமியா என்ற இரத்த நோயின் காவிகள் சிசிலியிலும் உள்ளனர், இலங்கையிலும் உள்ளனர். காவியாக இருப்பவர் பெரும்பாலும் நலமாகவே இருப்பார். பெற்றோர் இருவரும் காவிகளானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு 25 வீதம். சொந்த மச்சாளைக் கட்டினாலும் இக்கவனம் தேவை. ஒரே குடும்பத்தில் இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்பு அதிகம். எளிய இரத்தப் பரிசோதனை மூலம் இதை அறியலாம். குறிப்புப் பார்க்கும் வீடுகள், மாப்பிள்ளை எந்த ஊராயினும், இதையும் சேர்த்துப் பார்ப்பது நல்லது.